ஈஸ்டர் முட்டைக்கு வெங்காயத் தோல் சாயம்

ஈஸ்டர் முட்டைக்குச் சாயப்பொடி வாங்கவே வேண்டாம், வெங்காயத் தோலே போதும். காய்ந்த தோலை இரண்டு கை அள்ளித் தண்ணீரில் போட்டு, கொஞ்சம் வினிகர் விட்டு, வெள்ளை முட்டைகளை அதிலேயே வேகவையுங்கள். வினிகரின் அமிலம் ஓட்டுச் சுண்ணாம்பை லேசாக அரிப்பதால் செம்பழுப்பு நிறம் நன்றாகப் பிடிக்கும். வேகவைப்பதும் சாயம் போடுவதும் ஒரே வேலையாக முடியும். முட்டைமேல் சின்ன இலையை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினால் அந்த இடம் மட்டும் வெளுப்பாக நிற்கும். குழந்தைகளுக்கு அதுதான் கொண்டாட்டம்! இலை வைப்பதை அவர்களிடம் விடுங்கள், அடுப்பு வேலை மட்டும் உங்களுடையது.

பழுப்பு ஓட்டு முட்டையில் நிற வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. நீலம், பச்சை கேட்டு அடம்பிடித்தாலும் இது உதவாது. அப்புறம், ஒளித்து வைத்து விளையாடிய முட்டை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்திருந்தால் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.