குதிரையைத் தொட்டுப் பார்த்து அறிதல்: தொடக்கநிலையினருக்கான அன்றாடச் சோதனை

குதிரையின் உறுப்புகளையும் அதற்குரிய கருவிகளையும் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, காலையில் சவாரிக்கு முன் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக் கற்பதே நல்லது. இரைவிலங்காக வாழ்ந்து பழகிய குதிரை தன் வலியை எளிதில் வெளிக்காட்டாது. ஆகவே, நலமாக இருக்கும் நாளில் அதன் உடல் எப்படி இருக்கும் என்பதை அறிந்தவருக்கே நோயின் தொடக்கம் கண்ணில் படும்.

படி 1: அணுகுதல்

கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் இருப்பது குதிரைக்குத் தெரியாது. குரல் கொடுத்தபடி இடது தோளை நோக்கிச் சென்று, கழுத்தைத் தடவிய பிறகு ஹால்டர் எனும் தலைக்கயிற்றை மாட்டுங்கள். லாயத்தில் கட்டுவதற்கும் நடத்திச் செல்வதற்கும் ஹால்டர், சவாரிக்குக் கடிவாளம். கடிவாளத்தைக் கொண்டு ஒருபோதும் தூணில் கட்டாதீர்கள். குதிரை மிரண்டு பின்வாங்கினால் வாய் கிழிந்துவிடும்.

படி 2: தலையும் வாயும்

தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல்களை மெல்ல நகர்த்தினால், கயிறு போல உருளும் தமனி தட்டுப்படும். அதன் துடிப்பை 15 விநாடிகள் எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இயல்பானது. மூச்சு 8 முதல் 16 வரை இருக்கும். மேலுதட்டை உயர்த்தி ஈறை விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி ஒன்று உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் அமர்கிறது என்பதால், வாயோரத்தில் புண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 3: முதுகும் சேணமும்

பிடரி மயிர் முடியும் இடத்தில், தோள்களுக்கு நடுவே உள்ள மேட்டைச் சவாரிக்காரர்கள் விதர்ஸ் என்பர். குதிரையின் உயரத்தைத் தரையிலிருந்து இம்மேடு வரையே அளப்பர். 4 அங்குலம் ஒரு ‘கை’, 14.2 கை என்றால் 14 கையும் 2 அங்குலமும், அதாவது ஏறத்தாழ 147 செ.மீ. பொதுவாக அதற்குக் குறைந்தது மட்டக்குதிரை எனப்படும். மார்வாரி, கத்தியவாரி இனங்களை அறிய உயரத்தைவிட, உட்புறமாக வளைந்து நுனிகள் ஒன்றையொன்று நெருங்கும் காதுகளே நல்ல அடையாளம். சேணம் எந்த இனத்துக்கும் விதர்ஸை அழுத்தக் கூடாது. சேணத்தை இறுக்கும் வயிற்று வாரை ஒரே மூச்சில் இழுக்காமல், சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

படி 4: கால்களும் குளம்புகளும்

தோளிலிருந்து கையைக் கீழே வழியவிட்டு, முழங்காலுக்குக் கீழே பின்புறமுள்ள தசைநாண்களில் வீக்கமோ சூடோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு காலைத் தூக்கி, குளம்புக் கொக்கியால் குதிகாலிலிருந்து நுனியை நோக்கி அழுக்கை நீக்குங்கள். நடுவில் முக்கோணமாக, ரப்பர் போல நெகிழும் பகுதியில் கொக்கி ஆழப் பதியக் கூடாது. அங்கே கறுப்புக் கசிவும் துர்நாற்றமும் இருந்தால், ஈரத் தரையில் நின்று அழுகல் தொற்றியிருக்கும். லாடம் ஆடினால், லாடம் கட்டுபவர் வரும்வரை சவாரி வேண்டாம். குளம்புகள் சூடாகி, கணுக்காலின் பின்புறம் நாடி பலமாகத் துடித்து, குதிரை முன்கால்களில் எடை வைக்கத் தயங்கினால், அது லேமினைடிஸ் எனும் குளம்பு அழற்சியாக இருக்கலாம். தானியத்தை அளவுக்கு மீறி உண்பது அதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று என்பதால், கொள்ளும் பார்லியும் வைத்திருக்கும் அறையைப் பூட்டியே வையுங்கள்.

படி 5: வயிறு

இச்சோதனை முழுவதிலும் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் இருபுறமும் காதை வைத்துக் கேட்டால், களகளவென்ற குடல் ஓசை கேட்க வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் வயிற்றில் வாயுவோ தீனியோ தேங்கினால் இரைப்பையே கிழிந்துவிடும் அபாயம் உண்டு. தீனியை மறுப்பது, முன்காலால் தரையைக் கீறுவது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, வியர்ப்பது, படுத்துப் புரள்வது ஆகியவை கோலிக் எனப்படும் வயிற்றுவலியின் அறிகுறிகள். அப்போது தீனியை அகற்றிவிட்டு, வலிமருந்து எதையும் நீங்களாகக் கொடுக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். நாடித் துடிப்பு எத்தனை, ஈறு என்ன நிறம், ஆசனவாயில் எடுத்த வெப்பநிலை இயல்பான 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா, கடைசியாகச் சாணம் போட்டது எப்போது ஆகிய நான்கையும் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டால், அவர் எந்த மருந்தோடும் கருவியோடும் புறப்பட வேண்டும் என்பதைத் தீர்மானித்துக்கொள்வார்.