மாணவர் இசை இதழ்: நோட்டீஸை அட்டையாக்கிய கதை

எங்கள் கல்லூரி இசை மன்ற இதழின் முதல் வடிவம் கச்சேரி நோட்டீஸ் மாதிரிதான் இருந்தது. அட்டையில் ஏகப்பட்ட குட்டிப் படங்கள், எழுத்துருவோ வரிக்கு ஒன்று.

கடையில் விற்கும் இசை இதழ்கள் சிலவற்றை வாங்கிப் பரப்பிவைத்துப் பார்த்தோம். பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு பெரிய படம். பாடகர் நேராக நம்மைப் பார்க்கிறார். அவர் தலை இதழின் பெயரைக் கொஞ்சம் மறைக்கிறது. நாங்களும் மிருதங்கம் வாசிக்கும் மாணவியின் படத்தை மட்டும் வைத்து, ஓரத்தில் கட்டுரைத் தலைப்புகளை அடுக்கினோம். உள்பக்கங்களுக்கும் அட்டையின் அதே மூன்று நிறங்கள். பார்கோடு வேண்டாம் என்றேன். விற்காத இதழுக்கு அது எதற்கு?

நேரத்தைத் தின்றது தமிழ் எழுத்துதான். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியதும் ‘கெ’யின் கொம்பு பின்னால் போய் நின்றது. பாராகிராஃப் பேனலில் இந்திய எழுத்துகளையும் சரியாகக் கோக்கும் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசரைத் தேர்ந்ததும் சரியாகிவிட்டது. அப்புறம் பக்கத்தில் நெடுக்காக ஓடும் பத்திகளின் அகலம். ஆங்கில இதழ்போல மூன்று பத்தி வைத்தால், நம் நீளமான சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழுகிறது. இரண்டு பத்தியாக்கி, வலது ஓரத்தைச் சமன்செய்யாமல் விட்டோம். பார்க்கவும் நன்றாகவே இருக்கிறது.

இரட்டைப் பக்கப் பேட்டியில் முகம் மடிப்பில் விழாதபடி தள்ளினோம். நடுவில் பின் அடிக்கும் இதழுக்குப் பக்கங்கள் 4-இன் மடங்காக வேண்டும். 18 பக்கத்தைக் கச்சேரிப் படங்கள் சேர்த்து 20 ஆக்கினோம். படங்கள் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), சிஎம்ஒய்கே (அச்சுக்கான நான்கு மை நிறங்கள்), சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்). பிடிஎஃப் அச்சகத்துக்குப் போனது.