ஈர்ப்பு விசை இல்லாமல் பொருள்களை மிதக்கவிட்டுப் பார்ப்பது எப்படி? கற்பனைக்கு ஓர் எளிய செய்முறை

முதற்படியாக, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். மலையையும் கப்பலையும் மிதக்கவிடும் ஆசை எழும் என்றாலும், அன்றாடம் தொட்டுப் புழங்கும் பொருளில்தான் மாற்றம் சட்டென்று உறைக்கும் என்பதால், ஒரு குவளைத் தண்ணீரே போதும்.

அடுத்து, அதில் ஈர்ப்பு விசை செய்துவரும் வேலைகளை எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீரை அடியில் தங்க வைப்பதும், அதன் மேற்பரப்பைச் சமமாக்குவதும், குமிழிகளை மேலே அனுப்புவதும் ஈர்ப்பே.

மூன்றாவது படியில் அந்த வேலைகளை மட்டும் நீக்குங்கள், வேறெதையும் தொடாதீர்கள். புதிதாகத் தொடங்குவோர் பலரும் எல்லா விதிகளையும் ஒருசேர அவிழ்த்துவிடுவதால் கற்பனை சுவையிழந்துபோகிறது. ஈர்ப்பு இழுப்பதால் வரும் எடை போனாலும், பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவான நிறை போகாது. மிதக்கும் அலமாரியை ஒரு விரலால் தள்ளலாம். ஆனால் அது மிக மெதுவாகத்தான் நகரத் தொடங்கும், வேகம் பிடித்த பிறகு அதற்கும் சுவருக்கும் நடுவே கையை வைத்தால் கை நசுங்கும்.

இனி, எஞ்சிய விசைகளை வேலை செய்ய விடுங்கள். முழு இன்பமும் இந்தப் படியில்தான் இருக்கிறது என்பேன். குவளையை உதறினால் வெளியேறும் தண்ணீர், தன் மேற்பரப்பைச் சுருக்கப் பார்க்கும் பரப்பு இழுவிசையால் தளும்பும் உருண்டையாகத் திரளும். அதனுள் ஊதிய குமிழி எந்தப் பக்கமும் ஏறாமல் உள்ளேயே நிற்கும். 2013ஆம் ஆண்டு கனடா விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டு பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஈரத்துணியைப் பிழிந்து காட்டியபோது, ஒரு சொட்டும் கீழே விழவில்லை. நீர் துணியைச் சுற்றித் திரண்டு, அவருடைய கைகளின் மேல் தடித்த படலமாகப் படர்ந்தது. மெழுகுவத்தியை ஏற்றிப் பாருங்கள்: சூடான காற்று மேலெழாததால், சுடர் கூர்மையிழந்து, மங்கிய நீல நிறத்தில் உருண்டு நிற்கும்.

இத்தனைக்கும் அந்த நிலையம் பறக்கும் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கவே செய்கிறது. நிலையமும் அதிலுள்ள பொருள்களும் ஒன்றாக விழுந்துகொண்டே புவியைச் சுற்றுவதால்தான் அவை மிதக்கின்றன. ஆகவே, உங்கள் மனத்தில் ஈர்ப்பை அழிக்கத் தயக்கமிருந்தால், அறையையே ஓயாமல் விழவிடுங்கள்.

பயிற்சிக்கு இரண்டு கடிகாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சுருள்வில்லால் ஓடும் கைக்கடிகாரம் வழக்கம்போல் ஓடும். சுவரிலுள்ள ஊசல் கடிகாரமோ நேரம் காட்டாது, ஏனெனில் ஊசலைத் திருப்பி இழுக்க எதுவும் இல்லை. மணற்கடிகாரம் என்ன ஆகும் என்பதை நீங்களே கற்பனை செய்து பாருங்கள்.