பழைய பேடைப் பார்க்காமல் புது பேட் வாங்காதீர்கள்

"பிரேக் கொஞ்சம் கம்மியாட்டு இருக்குண்ணே, ஃபிரண்ட் பேட் ஒரு செட் தாங்க." நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உதிரிபாகக் கடைக்கு வரும் பிக்கப் ஓட்டுநர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்பார்கள். கடைக்காரரும் வண்டியின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு ஒரு டப்பாவை எடுத்து நீட்டுவார். டிஸ்க் என்ற சுழலும் இரும்புத் தட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிப்பவை இந்த பேடுகள். கழற்றிப் போட்ட நான்கு பேடும் அந்நேரம் ஒர்க்‌ஷாப் மூலையில் பழைய இரும்போடு கிடக்கும். பேட் மட்டும் போதுமா, டிஸ்க்கும் மாற்ற வேண்டுமா, கோளாறே வேறு இடத்திலா என்பதற்கெல்லாம் பதில் அந்த நான்கு துண்டுகளில் இருக்கிறது.

கழற்றும்போதே இடது உள், இடது வெளி, வலது உள், வலது வெளி என்று பின்தகட்டில் சாக்பீஸால் குறித்து வரிசையாக வையுங்கள். நான்கும் ஒரே சீராகத் தேய்ந்து 3 மி.மீ. பக்கம் வந்திருந்தால் கவலை இல்லை, ஆயுள் முடிந்தது, மாற்றலாம். புது பேடில் உராயும் பொருள் சாதாரணமாக 10 முதல் 12 மி.மீ. கனம் இருக்கும். பின்தகட்டையும் சேர்த்து அளந்துவிட்டு "இன்னும் கிடக்கு, ஓடட்டும்" என்பவர்கள் நிறைய. அந்தத் தகடே 5 மி.மீ. கனம் வரை இருக்கும்.

உள் பேட் தகடு வரை போய், வெளி பேட் பாதிக்கு மேல் மிச்சமிருந்தால் காலிபரின் (பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் கவ்வி) ஸ்லைடு பின், அதாவது அது நகர்ந்து ஓடும் கம்பி, இறுகியிருக்கிறது. பிஸ்டன் உள் பேடைத் தள்ளிவிடும், காலிபர் நகர்ந்து வெளி பேடை இழுத்து வராது. பேட் ஆப்பு மாதிரி ஒரு முனையில் மட்டும் ஒல்லியாகியிருந்தால், இரண்டு ஸ்லைடு பின்களில் ஒன்று ஓடுகிறது, மற்றது ஓடவில்லை என்று அர்த்தம். ஒரு சக்கரத்து ஜோடி முழுசும் போய், எதிர்ச் சக்கரத்து ஜோடி நன்றாக இருந்தால், பிஸ்டன் திரும்பாமல் நிற்கிறதா, பிரேக் ஹோஸ் உள்ளுக்குள்ளே அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். "வண்டி ஒரு பக்கமாட்டு இழுக்கு" என்ற புகாரும் கூடவே வந்திருக்கும். இதையெல்லாம் சரிசெய்யாமல் போடும் பேட் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அதே மாதிரிதான் தேயும்.

உப்பும் மலையும்

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களில் மீன் ஏற்றும் வண்டிகளுக்கு என்றே ஒரு கோளாறு உண்டு. பேடில் பொருள் நிறைய மிச்சமிருக்கும். ஆனால் தகட்டுக்கும் பொருளுக்கும் நடுவில் துரு புகுந்து, ஊதி, பொருளைப் பாளமாகப் பெயர்த்துவிடும். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீரும் கடற்காற்றும் சேர்ந்து செய்யும் வேலை இது. கருப்புப் பெயின்டை லேசாக அடித்துவிட்ட மலிவு பேடில் இது சீக்கிரம் வரும். வாங்கும்போது பேடைக் கையில் எடுத்து ஓரத்தைப் பாருங்கள். தகட்டின் விளிம்பிலும் துளைகளிலும் பூச்சு முழுதாக இருக்கிறதா, பொருள் தகட்டோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். கேல்வனைஸ் செய்த தகடு கிடைத்தால் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண்போகாது. மீன் இறக்கியதும் சக்கரப் பகுதியை நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி ஓட்டிக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள்.

பேச்சிப்பாறை, ஆறுகாணி, பத்துகாணி பக்கம் ரப்பர் ஷீட்டும் விறகும் இறக்குகிற வண்டிகளுக்குப் பிரச்சினை சூடு. வண்டியும் லோடும் சேர்ந்து 3 டன், வேகம் மணிக்கு 60 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தும் வேலையில் 70 சதவீதம் முன்சக்கரங்களுக்குப் போகிறது, முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 8 கிலோ என்றால், ஒரே ஒரு முறை நிறுத்தும்போது டிஸ்க்கின் சூடு ஏறத்தாழ 40 டிகிரி கூடுகிறது. அதே வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல், அப்படி ஏழு முறை நிறுத்துவதற்குச் சமம். கியரைக் குறைத்து இன்ஜின் பிடிப்பில் இறங்கினால் அதில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும், நியூட்ரலில் விட்டால் மொத்தமும் முன் பேடுக்கும் பின்சக்கர டிரம் பிரேக்குக்கும்தான். கழற்றிய பேட் கண்ணாடி மாதிரி மினுங்கினாலோ, ஓரம் வெளுத்து உதிர்ந்தாலோ, டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தாலோ அது சூடு பட்ட பேட். அதே ரகத்தைத் திரும்ப வாங்குவது தவறு.

லோடு வண்டிக்கு செமி மெட்டாலிக் ரகமோ, வண்டிக் கம்பெனி போட்டுத் தந்த அதே ரகமோதான் ஏற்றது. செமி மெட்டாலிக்கில் காலையில் முதல் இரண்டு பிரேக்குக்குப் பிடிப்பு சற்றுக் குறையும், சத்தம் வரும், டிஸ்க்கையும் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும். ஆனால் சூட்டில் கைவிடாது. செராமிக் பேட் சத்தமில்லாதது, சக்கரத்தில் கரி படியாது, காருக்கு நல்லது. விலை அதிகம் என்பதால் லோடு வண்டிக்கும் அதுதான் உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள்.

சில பேடுகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள பிடிப்பு, இரண்டாவது அதிகச் சூட்டில் உள்ள பிடிப்பு. 'ஈ' என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. 'எஃப்ஈ' என்று இருந்தால் சூடேறும்போது பிடிப்பு ஒரு படி இறங்கும். மலைப்பாதை வண்டிக்கு அது வேண்டாம், 'எஃப்எஃப்' கேளுங்கள். இந்த எழுத்துகள் பிடிப்பை மட்டும்தான் சொல்லும், எவ்வளவு நாள் உழைக்கும் என்று சொல்லாது.

இன்னொன்று, வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது. ஒரே பெயரில் ஓடும் பிக்கப்பிலேயே லோடு அளவுக்கும் தயாரித்த ஆண்டுக்கும் ஏற்ப காலிபரும் டிஸ்க்கும் மாறும். ஆர்சி புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணைக் கொடுத்து பார்ட் நம்பர் பாருங்கள். பிராக்கெட்டில் உட்காரும் இரு முனைகளில், அதாவது காதுப் பகுதியில், கனமாகப் பெயின்ட் அடித்த பேடைச் சுத்தியலால் தட்டி ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். விரலால் தள்ளினால் நகராத பேட், பிரேக்கை விட்ட பிறகும் விலகாது. பிராக்கெட்டில் கிளிப்புக்கு அடியில் உள்ள துருவைச் சுரண்டிவிட்டு, புதுக் கிளிப் போட்டு, அதற்குப் பிறகும் இறுக்கமாக இருந்தால் காதில் உள்ள பெயின்டை மட்டும் அரத்தால் லேசாக எடுங்கள்.

டிஸ்க்கை அளப்பது

கோடு விழுந்தால் டிஸ்க்கை மாற்றுவதும், கோடு இல்லை என்றால் அப்படியே விடுவதும் இரண்டுமே கண்ணை நம்பிச் செய்யும் தவறு. டிஸ்க்கின் விளிம்பிலோ நடுக் கிண்ணத்திலோ 'மின் டிஹெச்' (MIN TH, குறைந்தபட்சக் கனம்) என்ற எழுத்துகளோடு ஒரு எண் பொறித்திருக்கும். துருவைத் துடைத்தால் தெரியும். அதுதான் கடைசி எல்லை, அதற்குக் கீழே போன டிஸ்க் சூடு தாங்காது, விரிசல் விடும்.

மைக்ரோமீட்டர் இருந்தால் விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே, சுற்றி எட்டு இடத்தில் அளக்க வேண்டும். வெர்னியர்தான் இருக்கிறது என்றால் ஒரு சிக்கல்: பேட் படாத விளிம்பு தேயாமல் மேடாக நிற்கும், வெர்னியரின் தாடை அந்த மேட்டில் உட்கார்ந்து, 21.5 மி.மீ. உள்ள டிஸ்க்கை 23 என்று காட்டும். ஒரே மாதிரி இரண்டு நாணயங்களை எடுத்து, டிஸ்க்கின் இரு பக்கமும் தேய்ந்த பரப்பில் ஒட்ட வைத்து, நாணயத்தோடு சேர்த்து அளந்து, நாணயங்களின் கனத்தைக் கழித்துவிடுங்கள். சரியான எண் கிடைக்கும்.

அந்த எண்ணை வைத்து முன்யோசனையாகக் கணக்குப் போடலாம். போன செட் பேட் தேய்வதற்குள் டிஸ்க் 0.8 மி.மீ. குறைந்தது, இப்போது எல்லைக்கு 0.4 மி.மீ. தான் மிச்சம் என்றால், புது பேட் பாதி தேயும்போதே டிஸ்க் எல்லையைத் தாண்டிவிடும். இப்போதே ஜோடியாக மாற்றிவிடலாம். லேத்தில் கடைசல் பிடிப்பதும் இதே கணக்குதான்: கடைந்த பிறகும் எல்லைக்கு மேலே போதிய கனம் இருக்க வேண்டும். துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. லோடு வண்டியில் அந்தத் துளைகளிலிருந்துதான் விரிசல் தொடங்கும், துளையில்லாத காற்றோட்ட டிஸ்க்கே போதும்.

பிரேக் பிடித்தால் பெடல் துடிக்கிறது என்றதும் "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்பார்கள். பெரும்பாலும் வளைவதில்லை. ஹப்பின் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பகுதி) முகத்தில் இருந்த துருவைச் சுத்தம் செய்யாமல் டிஸ்க்கை மாட்டியதால் அது சாய்ந்து சுழன்று, சில ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு இடம் ஒல்லியாகத் தேய்ந்திருக்கும். டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் டிஸ்க்கின் ஆட்டம் 0.05 முதல் 0.1 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். 0.1 என்பது நோட்டுப் புத்தகத் தாளின் கனம். ஹப்பில் ஒட்டிய ஒரு துருப் பொருக்கு அதைவிடக் கனமாக இருக்கும். கடற்கரை வண்டிகளில் கம்பி பிரஷ்ஷால் ஹப் முகத்தை வெள்ளையாகும்வரை தேய்க்காமல் புது டிஸ்க் ஏற்றக் கூடாது. நட்டை ஏர் கன்னால் ஒரே மூச்சில் இறுக்குவதும் இதே துடிப்பைக் கொண்டுவரும். எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில், டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

புது டிஸ்க்கில் துருத் தடுப்பு எண்ணெய் பூசியிருக்கும். பிரேக் கிளீனரால் அதை எடுத்துவிட்டு மாட்டுங்கள். ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும், வீல் கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதி மறுபடியும் இறுகும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு மழைக்காலம் பார்க்கும் நம் மாவட்டத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கிவிடலாம்.

முன் பேட் மட்டும் சீக்கிரம் போனால்

இதற்குக் காரணம் பல நேரம் பின்னால் இருக்கிறது. பின் டிரம்மின் அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றுவிட்டால் உள்ளே உராயும் லைனர் டிரம்மை எட்டாது, முழுப் பாரமும் முன் பேட் தலையில். இன்னொரு காரணத்தை யாரும் யோசிப்பதில்லை: கூடுதல் பட்டை, அதாவது ஸ்பிரிங் பட்டை. லோடு தாங்க வேண்டும் என்று பின்னால் ஒரு பட்டை ஏற்றுகிறோம். பல பிக்கப்களில் சேஸிஸுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே ஒரு லோடு சென்ஸிங் வால்வு இருக்கும். பட்டை எவ்வளவு அமுங்குகிறது என்பதை வைத்துத்தான் அது பின் பிரேக்குக்கு எண்ணெய் அழுத்தம் விடும். பட்டை கூடினால் அமுக்கம் குறையும், லோடே இல்லை என்று வால்வு எண்ணிக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முன் பேட் கருகும். வால்வின் கம்பியைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டிவைப்பது தீர்வல்ல. வெறும் வண்டியாக மழையில் வரும்போது பின்சக்கரம் பூட்டி வண்டி திரும்பிவிடும். பட்டை மாற்றினால் கம்பெனி சொன்ன அளவுப்படி வால்வையும் மறுபடி செட் செய்ய வேண்டும்.

மாட்டி முடித்ததும் வண்டியை எடுக்கும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். பிஸ்டன் பின்னால் போயிருப்பதால் முதல் மிதி தரை வரை போகும். பிறகு லோடில்லாமல், காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10க்கு மிதமாகக் குறைப்பதை இருபது முறை, நடுவில் ஆறவிட்டு ஆறவிட்டுச் செய்யுங்கள். சூடான புது பேடை அழுத்திப் பிடித்தபடி நின்றால் அதன் அச்சு டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். முதல் 300 கி.மீ. வரை முழு லோடும் வேண்டாம், ஆறுகாணி இறக்கமும் வேண்டாம்.