பஞ்சாயத்து வரை வந்த ஃபைபர் உங்கள் வீட்டுக்குக் கட்டுப்படியாகுமா? விசாரிக்கும் முறை

பொள்ளாச்சிக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டிய கிராமங்களில் கேபிள் டிவி இணைப்பு கொடுத்துவந்தவன் நான். இப்போது இணையத்துக்கான ஃபைபர், அதாவது ஒளியிழை, இழுப்பதுதான் தொழில். "ஊருக்கு அரசாங்க ஃபைபர் வந்துவிட்டதாமே, இனி நெட் மலிவாகக் கிடைக்குமா?" என்று கேட்காத வீடு இல்லை. கிடைக்கும். ஆனால் தானாகக் கிடைக்காது. ஊர்வரை வந்த லைனுக்கும் உங்கள் கூடத்துக்கும் நடுவே இருக்கும் சில நூறு மீட்டரில்தான் விலை முடிவாகிறது. அந்தத் தூரத்தைப் பற்றி என்ன விசாரிக்க வேண்டும், எப்படிப் பேசி முடிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால், மாதக் கட்டணம் உங்கள் கைக்கு அடங்கும்.

முதலில் உங்கள் ஊருக்கு வந்திருப்பது எது என்று புரிந்துகொள்ளுங்கள். 2011-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த தேசிய ஒளியிழைத் திட்டம்தான் பிறகு பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டில் அதன் இரண்டாம் கட்டத்தை டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் செய்கிறது. 12,525 ஊராட்சிகளுக்கும் தலா 1 ஜிபிபிஎஸ் (1,000 எம்பிபிஎஸ்) வேக இணைப்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இலக்கு. பெரும்பாலும் மின்கம்பங்களின் மேலேயே லைன் போகிறது. அந்த லைன் வந்து நிற்கும் இடம் ஊராட்சிக் கட்டடத்தில் இருக்கும் இரும்புப் பெட்டி. அங்கிருந்து வீடுகளுக்கு இழுத்துக் கொடுத்து, பழுது பார்த்து, மாதாமாதம் பணம் வசூலிக்க உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத ஊரில், தெருவில் ஃபைபர் ஓடினாலும் வீட்டில் இணைப்பு இருக்காது.

எல்லைக்கு அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் உறவினர்கள் இருக்கிறார்கள். கேரள அரசின் ஃபைபர் இணையத் திட்டமான கேஃபோன் 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்டது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவசம் என்பது அறிவிப்பு. முதல் கட்டத்துக்கு எடுத்துக்கொண்டது சட்டமன்றத் தொகுதிக்கு 100 வீடு, மொத்தம் 14,000. காசு கொடுத்து வாங்குபவர்களுக்கு 20 எம்பிபிஎஸ் 299 ரூபாய் என்று தொடங்கினார்கள். அங்கும் வீட்டுக்குள் லைன் கொண்டுவருவது உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்தான். அரசு மொத்த விலையைக் குறைக்க முடியும். சில்லறை விலை உங்கள் தெருவில் முடிவாகிறது. அதனால்தான் விசாரணையையும் தெருவிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு நடை போய் அந்தப் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். விளக்குகள் எரிகின்றனவா? பேட்டரி இருக்கிறதா, அது எத்தனை மணி நேரம் தாங்குகிறது? சாவி யாரிடம் இருக்கிறது? ஊராட்சிக் கணினியே அந்த லைனில் ஓடுகிறதா, அல்லது யாராவது தன் செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு வேலை பார்க்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதில் ஒன்றே போதும். அலுவலகத்துக்கே ஓடாத லைனை நம்பி வீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள். பெட்டிக்கு மின்சாரம் போனால் அதிலிருந்து பிரிந்த அத்தனை வீடும் அணைந்துவிடும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை.

அடுத்தது பணம். நோட்டீஸில் அச்சிட்ட தொகையை நம்பாமல் ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போடுங்கள். 399 ரூபாய் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 470 ரூபாய் 82 காசு. கேஃபோனின் 299 ரூபாய்த் திட்டத்தையே ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 2,117 ரூபாய் ஒரே நாளில் கையை விட்டுப் போகும். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு மாதம் 350 ரூபாய் என்பதும் ஒரே தடவையில் 2,117 ரூபாய் என்பதும் ஒன்றல்ல. மோடம் இலவசமா, வாடகையா, திருப்பித் தரும் முன்பணமா என்று கேளுங்கள். தெரு லைனிலிருந்து வீட்டுக்குள் வரும் டிராப் கேபிள் எத்தனை மீட்டர் வரை இலவசம், அதற்கு மேல் மீட்டருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். 'அன்லிமிடெட்' என்று சொன்னால் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும், எவ்வளவாகக் குறையும் என்று கேளுங்கள். 3,300 ஜிபி வரை கொடுக்கும் திட்டத்தில் சாதாரணக் குடும்பம் அந்த எல்லையைத் தொடாது. குறைந்த விலைத் திட்டங்களில்தான் கவனம் வேண்டும். பிள்ளைகளின் பாடம், ஒரு டிவி, இரண்டு செல்போன் இருக்கும் வீட்டுக்கு 30 எம்பிபிஎஸ் தாராளம். 100-க்கு ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள்.

எங்கள் பக்கம் பெரிய சிக்கல் தோப்பு. வீடு சாலையோரத்தில் இருக்காது. வரப்பு ஓரமாக உள்ளே, நானூறு ஐந்நூறு மீட்டரில் இருக்கும். தனி வீட்டுக்கு அவ்வளவு கேபிள் இழுத்தால் ஆபரேட்டருக்குக் கட்டுப்படியாகாது. ஒன்று மறுத்துவிடுவார், அல்லது மொத்தச் செலவையும் உங்கள் தலையில் வைப்பார். இதற்கு வழி உண்டு. தனியாகப் போய்க் கேட்காதீர்கள். அக்கம்பக்கத் தோப்பு வீடுகளைச் சேர்த்துக்கொண்டு போங்கள். ஓர் இழையை எட்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் உள்ளங்கைக்குள் அடங்கும் பொருள். சாலையிலிருந்து தோப்பு முனைக்கு ஒரே கேபிள், அங்கே ஒரு பெட்டி, பெட்டிக்குள் அந்த ஸ்பிளிட்டர். அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஐம்பது அறுபது மீட்டர்தான். செலவு எட்டாகப் பிரியும். ஆபரேட்டருக்கும் ஒரே இடத்தில் எட்டு வசூல் கிடைக்கும். இப்படிக் கூடிக் கேட்ட ஒரு தோப்பில், முன்பு தனியாகக் கேட்டு மறுக்கப்பட்ட ஓர் அம்மாவின் வீட்டுக்கு இழுப்புக் கூலி இல்லாமலேயே கொடுத்தேன். அவருடைய பேத்தி அதுவரை சாலையோரக் கல்லில் உட்கார்ந்துதான் கல்லூரி விண்ணப்பங்களை அனுப்பிக்கொண்டிருந்தாள். படிக்கிற பிள்ளை சிக்னலைத் தேடிச் சாலைக்குப் போகும் நிலை எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

கேபிள் போகும் வழியை நீங்களும் ஆபரேட்டரோடு நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்றில் மட்டை விழாத நாள் இல்லை. தென்னை வரிசைக்கு நேர் கீழே தொங்கும் லைன் ஒரு பருவம் தாங்காது. வேலி ஓரமாகக் குழாய்க்குள் புதைத்துக் கொண்டுவந்தால் அணிலும் கடிக்காது. சொட்டுநீர்க் குழாய் பதிக்கத் தோண்டும் நாளிலேயே சேர்த்துப் பதித்தால் ஆள்கூலி மிச்சம்.

இணைப்பு கொடுக்கும் அன்று ஒன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள். மோடத்தில் செருகும் முன், கேபிளின் பச்சைத் தலை வைத்த முனையை, ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டரில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் குறியோடு ஓர் எண் வரும். மைனஸ் 18, மைனஸ் 22 என்றால் நல்லது. மைனஸ் 25-ஐத் தாண்டினால் அன்று ஓடும், மழை பெய்த மறுநாள் நிற்கும். மைனஸ் 27-க்குக் கீழே போனால் மோடத்தில் சிவப்பு விளக்குதான். எண் சரியில்லை என்றால் அன்றே பெட்டியைத் திறந்து இழைகளை ஒட்டிய இணைப்பை மறுபடி போடச் சொல்லுங்கள். ஆள் திரும்பிப் போய்விட்டால் பிறகு வாரக்கணக்காகும். வந்த எண்ணைச் சுவரில் மோடத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து வேகம் குறைந்தால், அந்த எண்தான் லைன் பழுதா, வைஃபை பழுதா என்று காட்டிக்கொடுக்கும். அந்த முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் பார்க்க விடாதீர்கள். வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது லேசர். உள்ளே வரும் கேபிளை ஆணியில் இறுக்கிச் சுற்றவும் வேண்டாம். கூரான வளைவில் ஒளி வெளியே கசிந்துவிடும்.

வேகத்தைச் சோதிப்பதானால் லேன் கேபிளில் கணினியைச் செருகிச் சோதியுங்கள். இரண்டு மண்சுவர் தாண்டிப் படுக்கையறையில் செல்போனில் பார்த்துவிட்டு லைனைக் குறை சொல்லக் கூடாது. மோடத்தை டிவிக்குப் பின்னால் ஒளிக்காமல் வீட்டின் நடுவில் உயரமாக வைத்தால் பாதிப் புகார் அதோடு தீரும்.

தொடக்கத்தில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். ஆறு மாதத் தள்ளுபடிக்கு அவசரப்பட வேண்டாம். முதல் மாதத்தில் லைன் அறுந்தால் எத்தனை நாளில் ஆள் வருகிறார் என்று பாருங்கள். ஏற்கெனவே இணைப்பு வாங்கிய வீடுகளில் விசாரித்தாலும் தெரியும். இரண்டு நாளுக்குள் வருபவரிடம் ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதுகூட லாபம்தான். பத்து நாள் இழுப்பவரிடம் வாங்கினால், அந்தப் பத்து நாளும் செல்போன் டேட்டாவுக்குத் தனியாகச் செலவழிப்பீர்கள். அதையும் மாதக் கணக்கில் சேர்த்து எழுதுங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணோடு, கம்பத்தில் ஏறும் ஆளின் எண்ணையும் கேட்டு வாங்கிவையுங்கள்.