உறுமி உறுமி நிற்கும் ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர்: எங்கே பார்ப்பது?

உள்ளே லைட் எரிகிறது, கம்ப்ரஸர் மட்டும் ஓடவில்லை. முதலில் காதைக் கொடுங்கள். சத்தமே இல்லையென்றால் தெர்மோஸ்டாட், டிஃப்ராஸ்ட் டைமர் (ஐஸை உருக்க நேரம் வைப்பது), ஓவர்லோடு (கம்ப்ரஸர் சூடானால் கரண்டை வெட்டுவது) என்று தேடவேண்டும். சில நொடி உறுமி 'டிக்'கென்று அடங்கினால் ரிலே (கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் சின்ன ஸ்விட்ச்), வோல்டேஜ், கம்ப்ரஸர் மூன்றில் ஒன்று.

ஸ்டார்ட் ஆக முயலும்போதே பிளக்கில் வோல்டேஜ் பாருங்கள். 180-க்குக் கீழே இறங்கினால் கோளாறு லைனில். கரண்ட் போய் உடனே வந்திருந்தால் 5 நிமிடம் பொறுங்கள். கேஸ் பிரஷர் சமமாகாமல் கிளம்பாது.

இனி பிளக்கைப் பிடுங்குங்கள். கெப்பாசிட்டர் இருந்தால் டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, கம்ப்ரஸர் பின்களிலிருந்து ரிலேயைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். பிடிசி ரிலே (உள்ளே வில்லை வைத்த வகை) கலகலத்தால் உள்ளே வில்லை உடைந்துவிட்டது. ஓவர்லோடு ஆறியபின் மீட்டரில் ஏறக்குறைய பூஜ்யம் காட்டவேண்டும்.

கம்ப்ரஸரின் மூன்று பின்களையும் இரண்டிரண்டாக மீட்டரில் அளவெடுங்கள். 12, 18, 30 ஓம் என்று வந்தால் சரி: சின்னவை இரண்டின் கூட்டல் பெரியதற்குச் சமம். பெரிய அளவு வரும் ஜோடியில் சேராத பின்தான் காமன் (பொதுப் பின்). காப்பர் குழாயில் பெயின்ட்டைச் சுரண்டி, பின்னுக்கும் அதற்கும் வைத்துப் பாருங்கள். ஓம் ஏதாவது காட்டினால் பாடி ஷார்ட், அதாவது உள்ளே கரண்ட் உலோக உடம்புக்குக் கசிகிறது. திரும்ப பிளக்கில் போடவே கூடாது.

வைண்டிங் (உள்ளே மோட்டாரின் கம்பிச் சுற்று) நன்றாக இருந்தால் ரிலேயையும் ஓவர்லோடையும் ஜோடியாகவே மாற்றுங்கள், கம்ப்ரஸர் மாடல் நம்பரைக் காட்டி. அதன்பிறகும் உறுமினால் உள்ளே ஜாம். குளிரூட்டும் கேஸ் ஆர்600ஏ வகையானால் தீப்பிடிக்கும். குழாயில் டார்ச் வைக்கும் வேலை மெக்கானிக்குக்குத்தான். இன்வெர்ட்டர் கம்ப்ரஸருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது: மூன்று அளவும் ஒன்றாக இருக்கும், சந்தேகம் அதை ஓட்டும் எலக்ட்ரானிக் போர்டு மேல்.