ஹெச்பிவி சுயப் பரிசோதனை முடிவு வந்த பின் என்ன செய்வது? ஆஸ்திரேலியாவில் வாழும் பெண்களுக்கான வழிகாட்டி

ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல், 25 வயதிலிருந்து 74 வயது வரை உள்ள பெண்கள் யாவரும் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்புப் பரிசோதனைக்கான மாதிரியை யோனியிலிருந்து தாங்களே எடுத்துக் கொடுக்கலாம். அந்த மாதிரியில், இந்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஹெச்பிவி என்ற வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மாதிரி கொடுத்த பிறகு செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

முதலில், கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன்பே உங்கள் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் சரிபார்த்து, முடிவை யார், எப்படித் தெரிவிப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, முடிவைப் படியுங்கள். ஹெச்பிவி இல்லை என்றால் அடுத்த பரிசோதனை 5 ஆண்டுகள் கழித்துத்தான். மாதிரி போதவில்லை என்று வந்தால் அது நோயின் அறிகுறி அன்று. சுமார் 6 வாரங்களில் மீண்டும் கொடுத்தால் போதும்.

ஹெச்பிவியின் 16 அல்லது 18 என்ற வகை இருப்பதாக வந்தால், உங்கள் ஜி.பி. (பொது மருத்துவர்) நேரடியாகக் கால்போஸ்கோப்பிக்கு, அதாவது கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் பரிசோதனைக்கு, பரிந்துரைக் கடிதம் தருவார். கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இவ்விரு வகைகளே காரணம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். அங்கே மருத்துவர் கருப்பை வாயில் வினிகர் போன்ற திரவத்தைத் தடவுவார். மாறுபட்ட செல்கள் இருக்கும் இடம் வெளுத்துத் தெரியும். தேவைப்பட்டால் அங்கிருந்து மிகச் சிறிய திசுத் துணுக்கை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்.

என் கவலையெல்லாம் வேறு வகை ஹெச்பிவி இருப்பதாக முடிவு வந்த பெண்களைப் பற்றியதுதான். நீங்களே எடுத்த மாதிரியில் வைரஸைக் கண்டறிய முடியும். ஆனால் அதில் கருப்பை வாயின் செல்கள் இல்லாததால், அவை மாறியிருக்கின்றனவா என்று பார்க்க முடியாது. ஆகவே மருத்துவரோ செவிலியரோ ஸ்பெகுலம் (யோனியை விரித்துக் கருப்பை வாயைப் பார்க்க உதவும் கருவி) கொண்டு எடுக்கும் இன்னொரு மாதிரிக்காக நீங்கள் மீண்டும் செல்ல வேண்டும். அந்தக் கருவிக்கு அஞ்சியே சுயப் பரிசோதனையைத் தேர்ந்தெடுத்த பலருக்கு இது எவ்வளவு கடினம் என்பது எனக்குப் புரிகிறது. பெண் மருத்துவர் வேண்டும், சிறிய அளவு ஸ்பெகுலம் வேண்டும், நானே அதைச் செலுத்திக்கொள்கிறேன் என்றெல்லாம் தயங்காமல் கேட்கலாம். ஆங்கிலம் சிரமமானால் பிள்ளைகளை அழைத்துச் செல்வதைவிட, 131 450 என்ற எண்ணில் இயங்கும் மொழிபெயர்ப்புச் சேவையின் வழியே தமிழில் உதவுபவரை ஏற்பாடு செய்யும்படி கிளினிக்கிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அந்த மாதிரியில் செல்கள் இயல்பாகவோ இலேசான மாற்றத்துடனோ இருந்தால், 12 மாதங்களில் மறுபரிசோதனை செய்வார்கள். பெரும்பாலும் அதற்குள் உடலே வைரஸை வென்றுவிடும். தீவிர மாற்றம் தெரிந்தால் கால்போஸ்கோப்பிக்கு அனுப்புவார்கள்.

இந்த வைரஸ் பல ஆண்டுகள் உடலில் வெளித்தெரியாமல் இருக்கக்கூடியது. ஆகவே இந்த முடிவை வைத்துக் கணவரையோ உங்களையோ சந்தேகிக்க எந்த அடிப்படையும் இல்லை.

மாதவிடாய்க்கு இடையிலோ, உடலுறவுக்குப் பின்னோ, மாதவிடாய் நின்ற பிறகோ இரத்தம் பட்டால், முந்தைய முடிவு எதுவாக இருந்தாலும் அடுத்த தவணைக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.